இலையும் கரண்டியும்: ஆஸ்திரேலியாவின் ‘ஃபேர் கோ’

2018 மார்ச் 5, விடியும் நேரம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பிலோயீலா என்ற சிற்றூரில் ஒரு வீட்டுக் கதவை எல்லைப்படை அதிகாரிகள் தட்டினார்கள். உள்ளே ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பம். கணவனும் மனைவியும் 2012, 2013ஆம் ஆண்டுகளில் தனித்தனிப் படகுகளில் வந்தவர்கள். இரண்டு பெண் குழந்தைகளும் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவர்கள். தாயின் தற்காலிக விசா முந்தைய நாள்தான் காலாவதியாகியிருந்தது. அன்றே அவர்களை மெல்போர்ன் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

பிலோயீலாவை ஊர்க்காரர்கள் ‘பிலோ’ என்பார்கள். நிலக்கரிச் சுரங்கம், அனல்மின் நிலையம், இறைச்சித் தொழிற்சாலை, சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். ஆறாயிரம் பேர்கூட இல்லை. நகரத்து இடதுசாரிகள் குடியிருக்கும் ஊரல்ல இது. ஊர் அடங்கிய ஃப்ளின் நாடாளுமன்றத் தொகுதியைத் தொடர்ந்து வென்றுவருவது வலதுசாரி அணிதான். அந்த ஊர்தான் இந்தத் தமிழ்க் குடும்பத்துக்காக நான்கு ஆண்டுகள் போராடியது. 2019 ஆகஸ்டில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இலங்கையை நோக்கிக் கிளம்பிய விமானத்தை நீதிமன்ற இடைக்காலத் தடை பாதி வழியில் டார்வினில் இறக்கியது. அங்கிருந்து கிறிஸ்துமஸ் தீவு, 2021இல் பெர்த். 2022 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூனில் அவர்கள் பிலோவுக்கே திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டு, 2023 அக்டோபர் 14 அன்று, நாடு முழுவதும் ஒரு பொதுவாக்கெடுப்பு. தொல்குடி மக்கள் நாடாளுமன்றத்துக்கும் அரசுக்கும் தங்களைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்ல ஓர் ஆலோசனை அமைப்பை அரசியல் சட்டத்தில் இடம்பெறச் செய்யலாமா என்பது கேள்வி. ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களும் மறுத்தன. ஃப்ளின் தொகுதியில் மறுப்பு, தேசியச் சராசரியைவிட மிக அதிகம்.

குடும்பத்துக்காக நின்றவர்களும் தொல்குடி அமைப்பை மறுத்தவர்களும் அதே ஆட்கள்தானா என்பதை வாக்குப்பெட்டி சொல்லாது. ஆனால் இரண்டு பிரச்சாரங்களும் ஒரே சொல்லைச் சுற்றித்தான் நடந்தன: ‘ஃபேர் கோ’. எல்லோருக்கும் நியாயமான ஒரு வாய்ப்பு. ஆஸ்திரேலியர்கள் தங்கள் தேசத்தை விளக்க எடுக்கும் முதல் சொல் இது. நிரந்தர விசா கேட்பவர்கள் ஒப்பமிட வேண்டிய விழுமிய அறிக்கையிலேயே இன்று அது இருக்கிறது. படகில் வந்த தமிழ்க் குடும்பத்தைத் திரும்ப அழைத்ததும் அந்தச் சொல்தான். பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கேயே இருந்தவர்களுக்குத் தனி நாற்காலி கிடையாது என்றதும் அதே சொல்தான். பெரும்பான்மைச் சமூகம் பன்மைப் பண்பாட்டை எப்போது ஏற்கும், எப்போது முறைக்கும் என்பதற்கான விடை இந்த இடைவெளியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தமிழில் ‘பந்தி வஞ்சனை’ என்று ஒரு சொல் உண்டு. ஒருவர் இலையில் கூட்டு, அடுத்தவர் இலையில் வெறும் சோறு என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறுவது. பந்தி வஞ்சனை கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. ஆனால் பந்தியில் யார் உட்காரலாம், பரிமாறும் கரண்டி யார் கையில் என்பவை அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. ஃபேர் கோவின் வரலாறும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஆஸ்திரேலியக் கூட்டாட்சி 1901 ஜனவரி 1 அன்று பிறந்தது. முதல் ஆண்டிலேயே அதன் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களில் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். பின்னாளில் ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ என்று அறியப்பட்ட கொள்கையின் அடித்தளம். இன்னொன்று பசிபிக் தீவுத் தொழிலாளர் சட்டம். 1863 முதல் சுமார் 62,000 தீவுவாசிகளைக் குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டவர்கள் அதில் ஏராளம். அவர்களில் எஞ்சியிருந்தோரைத் திருப்பி அனுப்ப இந்தச் சட்டம் வழிசெய்தது. வெள்ளைத் தொழிலாளரைக் கொண்டு விளைவித்த சர்க்கரைக்கு அரசு ஊக்கத்தொகையும் கொடுத்தது.

இதை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிட்டுப் போவது எளிது. ஆனால் அன்றைய தொழிற்சங்கங்களும் தொழிற்கட்சியும் இதை நியாயத்தின் பெயரில்தான் கேட்டன. மலிவான கூலிக்கு ஆசியர்கள் வந்தால் நம் தொழிலாளியின் கூலி சரியும், முதலாளி கொழுப்பான் என்பது வாதம். அட்டர்னி ஜெனரலாக இருந்த ஆல்ஃபிரட் டீக்கின் ஒருபடி மேலே போய், ஜப்பானியர்களிடம் அஞ்ச வேண்டியது அவர்களுடைய கெட்ட குணங்களை அல்ல, நல்ல குணங்களைத்தான் என்று நாடாளுமன்றத்தில் வாதிட்டார். சலிக்காத உழைப்பு, புதிய வேலையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் திறமை, குறைந்த செலவில் வாழும் பொறுமை. இவையெல்லாம்தான் ஆபத்து. பிலோவில் அந்தத் தமிழ்க் குடும்பத்தின் தந்தை சார்பில் ஊர்க்காரர்கள் முதலில் சொன்ன சான்று என்ன? அவர் இறைச்சித் தொழிற்சாலையில் கடுமையாக உழைத்தார் என்பது. 1901இல் கதவடைக்கக் காரணமாக இருந்த குணம் 2018இல் கதவு திறக்கும் சாவியாகிவிட்டது.

ஆறே ஆண்டுகளில், 1907இல், அதே நாட்டில் உலகத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்ற ஒரு தீர்ப்பு வந்தது. மெல்போர்ன் அருகே சன்ஷைன் என்ற இடத்தில் அறுவடை இயந்திரம் செய்த ஆலை தொடர்பான வழக்கு அது. நீதிபதி ஹிக்கின்ஸ், சாதாரணக் கூலித் தொழிலாளியும் மனைவி, மூன்று குழந்தைகளோடு நாகரிகமாக வாழ என்ன செலவாகும் என்று கணக்கிட்டார். வாடகை, ரொட்டி, இறைச்சி, விறகு என்று குடும்பப் பெண்களிடமே கேட்டறிந்தார். நாளொன்றுக்கு 7 ஷில்லிங் என்று முடிவுசெய்தார். சந்தை நிலவரமோ முதலாளியின் லாபமோ அளவுகோல் அல்ல, மனிதத் தேவையே அளவுகோல் என்பது அன்றைக்குப் பெரிய துணிச்சல். ஆனால் அந்த மனிதன் வெள்ளை ஆண். பெண்களின் கூலி பின்னர் பல பத்தாண்டுகள் ஆண் கூலியில் ஏறக்குறைய பாதியாகவே நின்றது. வடபகுதி மாட்டுப் பண்ணைகளில் உழைத்த தொல்குடித் தொழிலாளர்களுக்குச் சம கூலித் தீர்ப்பு வர 1966 ஆனது. அமலுக்கு வந்ததோ 1968இல். சம கூலி கொடுக்க மனமில்லாத பண்ணையார்கள் பலர் அவர்களை வேலையிலிருந்தே அனுப்பிவிட்டார்கள்.

நியாயக் கூலியும் வெள்ளைச் சுவரும் கூடப் பிறந்தவை. உள்ளே சமத்துவம் வலுவாக வேண்டும் என்றால் வெளியே வேலி உயரமாக வேண்டும் என்று அந்தத் தலைமுறை நம்பியது. தேச அடையாளம் என்பது இந்த வேலியின் வரைபடம்தான்.

அந்த வேலி எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு கதை. சட்டத்தில் நிறம் என்றோ இனம் என்றோ எதுவும் எழுதவில்லை. ஏதாவதொரு ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்வார்கள், வந்தவர் அதை எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். பிராகில் பிறந்த பத்திரிகையாளர் ஏகன் கிஷ், 1934இல் பாசிச எதிர்ப்பு மாநாட்டில் பேச வந்தார். கப்பலிலிருந்து இறங்க விடவில்லை. மெல்போர்ன் துறைமுகத்தில் குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். பல மொழிகள் அறிந்த அவருக்குச் சிட்னியில் வைத்த தேர்வு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில். தோற்றார். சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழிகளில் ஸ்காட்லாந்து கேலிக் அடங்காது என்று உயர்நீதிமன்றம் சொன்னதும், ஸ்காட்லாந்து வம்சாவளியினர் கொதித்தெழுந்தார்கள்! எல்லோருக்கும் ஒரே தேர்வு. காகிதத்தில் அப்பழுக்கற்ற சமத்துவம். 1958இல்தான் அதை நீக்கினார்கள். ஒரே விதி என்பதும் நியாயம் என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

1966இல் ஹோல்ட் அரசு வேலியைத் தளர்த்தியது. 1973இல் விட்லம் அரசு எடுத்தே போட்டது. அவருடைய குடியேற்ற அமைச்சர் அல் கிராஸ்பி அதே ஆண்டு ‘பன்மைப் பண்பாடு’ என்ற சொல்லை அரசு மொழிக்குள் கொண்டுவந்தார். 1975இல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம், 1978இல் குடியேறியோருக்கான சேவைகள் பற்றிய கால்பலி அறிக்கை, 1980இல் பன்மொழி எஸ்பிஎஸ் தொலைக்காட்சி. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மக்களில் 27.6 விழுக்காட்டினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவோர் மட்டும் சுமார் 95,000 பேர்.

மக்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? ஸ்கேன்லன் அறக்கட்டளை 2007 முதல் சமூக ஒருங்கிணைவு பற்றிய ஆய்வை நடத்திவருகிறது. பன்மைப் பண்பாடு ஆஸ்திரேலியாவுக்கு நல்லதே என்று 2024இல் 85 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் கனவுகூடக் காண முடியாத எண். அதே ஆண்டு, குடியேறுவோர் எண்ணிக்கை மிக அதிகம் என்று சொன்னவர்கள் 49 விழுக்காடு. முந்தைய ஆண்டு 33தான் இருந்தது. இடையில் வீட்டு வாடகையும் விலைவாசியும் ஏறியிருந்தன. சிறுபான்மையினர் தங்கள் மரபைக் காக்க அரசு பண உதவி செய்ய வேண்டுமா என்று கேட்டால், ஆதரவு தொடர்ந்து பாதிக்குக் கீழேதான் நிற்கிறது.

இதைப் பாசாங்கு என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேள்விகள் வேறு வேறு நியாயங்களைத் தொடுகின்றன. உன் சாப்பாட்டை நீ சாப்பிடு, உன் கோயிலுக்கு நீ போ என்பது எனக்கும் உண்டு, உனக்கும் உண்டு என்ற நியாயம். அதற்கு 85. உன் மரபுக்கு என் வரியிலிருந்து தனிப் பணம் என்றவுடன் பெரும்பான்மையின் காதில் விழுவது பந்தி வஞ்சனை. ஆனால் இம்முறை வஞ்சிக்கப்படுவது தானே என்ற எண்ணம். தன் மொழிக்கும் தன் விழாக்களுக்கும் அரசு ஏற்கெனவே செலவழிக்கிறது என்பது அந்தக் காதில் விழாது. பெரும்பான்மையின் பண்பாடு பண்பாடாகத் தெரியாது, நாடாகத் தெரியும்.

விக்டோரியா ப்ளோவும் சக ஆய்வாளர்களும் 2011இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இதன் உளவியலைத் தொட்டது. பன்மைப் பண்பாடு என்ற சொல்லோடு வெள்ளையர்கள் தங்களை இணைத்துப் பார்க்கத் தயங்கினார்கள். அது தங்களை விட்டுவிட்ட விருந்தாகப் பட்டது. அவர்களையும் சேர்த்துச் சொன்னபோது அந்த விலகல் குறைந்தது. கனடாவில் ஜான் பெர்ரி 1970களிலேயே சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: தன் இடம் பறிபோகாது என்ற நிம்மதி உள்ளவர்களே அடுத்தவருக்கு இடம் கொடுக்கிறார்கள். நல்ல முடிவுகள்தாம். ஆனால், நிம்மதியைக் கெடுக்காமல் நடந்துகொள்ளும் பொறுப்பு எப்போதும் வந்தவர் தலையிலேயே விழுகிறது என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது.

லெபனானில் பிறந்த சிட்னி மானுடவியலாளர் கசான் ஹேஜ் 1998இல் வெளியிட்ட ‘வெள்ளைத் தேசம்’ நூலில் இந்த உறுத்தலுக்கு வடிவம் கொடுத்தார். வந்தேறிகளை வெறுப்பவரும் அவர்களைப் பெருந்தன்மையோடு சகிப்பவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். இந்த வீட்டின் நிர்வாகி நான் என்று இருவரும் நம்புகிறார்கள். சகித்துக்கொள்ளும் அதிகாரம், சகிக்க மறுக்கும் அதிகாரம் உள்ளவனுக்கே உண்டு. நம் சொல்லில், தாராளமாகப் பரிமாறுகிறவனும் கஞ்சத்தனமாகப் பரிமாறுகிறவனும் சண்டை போடலாம். கரண்டி இருவர் கையில் மட்டுமே.

இனி, தகுதி. அடிலெய்டின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் நார்மன் ஃபெதர் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது. ஓங்கி வளர்ந்த பாப்பிச் செடியை வெட்டிவிடுவார்கள் என்று ஆஸ்திரேலியர்கள் தங்களைப் பற்றியே சொல்லிக்கொள்வதுண்டு. உயர்ந்தவர் எல்லோரையும் வெட்ட மக்கள் விரும்புவதில்லை, தகுதியில்லாமல் உயர்ந்தார் என்று நினைப்பவரின் வீழ்ச்சியைத்தான் ரசிக்கிறார்கள் என்று அவர் காட்டினார். கேள்வி, தகுதியை யார் எப்படி அறிகிறார்கள் என்பதுதான். பெர்த்திலும் கால்கூர்லியிலும் ஆன் பெடர்சன் குழுவினர் நடத்திய ஆய்வு 2000இல் வந்தது. தொல்குடியினர் கார் வாங்கினால் சில தவணைகளோடு சரி, மீதியை அரசே கட்டுகிறது என்பது போன்ற பொய்யான நம்பிக்கைகள் பரவலாக இருந்தன. அவற்றை நம்பியவர்களிடம் கசப்பும் அதிகமாக இருந்தது. இங்கே வெறுப்பு நியாய உணர்வின் குரலில் பேசுகிறது. “அவர்கள் தாழ்ந்தவர்கள்” என்று இன்று யாரும் சொல்வதில்லை, “அவர்களுக்கு மட்டும் ஏன்” என்கிறார்கள். இட ஒதுக்கீட்டு விவாதங்களைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்தக் குரல் புதிதல்ல.

தகுதிக்கு இடம் என்ற நம்பிக்கை நடைமுறையில் எப்படியிருக்கிறது என்பதை ஒரு சோதனை அளந்தது. ஆலிசன் பூத், ஆண்ட்ரூ லீ, எலீனா வர்கனோவா ஆகிய மூவரும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கற்பனை வேலை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு. ஆங்கிலப் பெயருக்குக் கிடைக்கும் அளவு நேர்காணல் அழைப்பு கிடைக்கச் சீனப் பெயர் 68 விழுக்காடு அதிகம் விண்ணப்பங்கள் அனுப்ப வேண்டியிருந்தது. மத்திய கிழக்குப் பெயர் 64. தொல்குடிப் பெயர் 35. இத்தாலியப் பெயர் 12. ஒரு காலத்தில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட இத்தாலியர்கள், வெள்ளையர் என்ற வட்டத்துக்குள் ஏறக்குறைய வந்துவிட்டதை அந்த 12 சொல்கிறது. பெரும்பான்மை என்பது நிலையான கூட்டம் அல்ல, அதன் எல்லை நகர்ந்துகொண்டே இருக்கும்.

எல்லாவற்றையும்விட ஆஸ்திரேலிய நியாய உணர்வைப் பிடித்தாட்டும் படிமம் வரிசை. ‘க்யூ ஜம்பர்’, வரிசையில் முந்துகிறவர், என்பது படகு அகதிகள் மீது வீசப்படும் பழைய வசை. எங்கோ முகாமில் பொறுமையாகக் காத்திருக்கும் ஏழை அகதியின் இடத்தை, தரகருக்குப் பணம் கட்டிப் படகேறியவர் தட்டிப் பறிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. 2009 அக்டோபரில் ஓஷியானிக் வைக்கிங் என்ற ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பல் கடலில் மீட்ட 78 இலங்கைத் தமிழர்கள் இந்தோனேசியாவில் இறங்க மறுத்துக் கப்பலிலேயே வாரக்கணக்கில் இருந்தபோதும் இதே பேச்சுதான்.

அப்படியொரு வரிசை உலகில் எங்கும் இல்லை. ஐநா அகதிகள் ஆணையம் யாரை மீள்குடியமர்த்துவது என்று தேர்ந்தெடுப்பது ஆபத்தின் அளவைப் பார்த்து, வந்த நாளைப் பார்த்து அல்ல. ஆனால், குற்றச்சாட்டு முழுப் பொய்யும் அல்ல, அதுதான் வேடிக்கை. 1996இல் ஹோவர்ட் அரசு ஒரு கணக்கு மாற்றம் செய்தது. நாட்டுக்குள் வந்து புகலிடம் பெறுபவர்களையும் வெளிநாட்டு முகாமிலிருந்து அழைத்துவரப்படுபவர்களையும் ஒரே எண்ணிக்கைக்குள் கட்டினார்கள். உள்ளே ஒருவருக்கு விசா கொடுத்தால் வெளியே ஒரு இடம் குறையும். அகதிகள் ஒருவர் இடத்தை ஒருவர் பறிக்கும்படி அரசின் பேரேடு ஏற்பாடு செய்தது. அதன் பிறகு, பறிக்கிறார்கள் பார் என்று மக்களுக்குக் காட்டியது. 2012இல் ஆங்கஸ் ஹூஸ்டன் தலைமையிலான குழு, படகில் வந்தவருக்குக் காத்திருப்பவரைவிட எந்த அனுகூலமும் கூடாது என்ற கொள்கையைப் பரிந்துரைத்தபோது, அதன் அடியில் இருந்ததும் இந்த வரிசைப் படம்தான்.

வரிசை என்ற தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒருவர் பின் ஒருவர் நிற்பது ஒன்று. சீர்வரிசை, வரிசை மரியாதை என்று தரம் பார்த்துச் செய்யும் சிறப்பு இன்னொன்று. பொது தரிசனத்துக்கும் சிறப்பு தரிசனத்துக்கும் தனித்தனி வரிசை வைத்திருக்கும் நமக்கு, வரிசை என்றாலே சமத்துவம் என்று தோன்றாது. விமானத்தில் விசாவோடு வந்து பிறகு புகலிடம் கேட்டவர்களும் ஆஸ்திரேலியாவில் ஏராளம். அவர்களை யாரும் இந்த அளவுக்கு முந்துகிறவர்கள் என்று திட்டியதில்லை.

2023 வாக்கெடுப்புக்குத் திரும்பினால், மறுப்புக்கு ஒரே காரணம் இல்லை. விவரம் போதாது என்றவர்கள் உண்டு. ஜசிந்தா நம்பிஜின்பா பிரைஸ், வாரன் மண்டீன் போன்ற தொல்குடித் தலைவர்களே மறுப்பு அணியின் முன்னணியில் நின்றார்கள். இன்னொரு திசையிலிருந்து, இது போதாது, ஒப்பந்தம் வேண்டும் என்று தொல்குடி செனட்டர் லிடியா தார்ப் எதிர்த்தார். ஆனால் ஓங்கி ஒலித்த வாதம், இது நாட்டை இனத்தால் பிரிக்கும், குடிமக்கள் எல்லோரும் சமம் என்பது. 1967இல் இதே நாடு தொல்குடியினரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும் அவர்களுக்காகக் கூட்டாட்சி அரசு சட்டம் இயற்றவும் 90.77 விழுக்காடு ஆதரவு தந்தது. அன்று கேட்டது எங்களையும் எண்ணுங்கள் என்பது. 2023இல் கேட்டது எங்களைக் கேளுங்கள் என்பது. முதல் கோரிக்கை இன்னோர் இலை போடச் சொன்னது. இரண்டாவது கரண்டியைத் தொட்டது. அந்த அமைப்புக்கு வெறும் ஆலோசனை அதிகாரம்தான். தொல்குடியினரின் ஆயுள் மற்றவர்களைவிடச் சுமார் எட்டு ஆண்டு குறைவு என்ற நிலையில் கேட்ட ஆலோசனை. இருந்தும் அது சலுகையாகவே தெரிந்தது.

பிலோ குடும்பம் கரண்டியைக் கேட்கவில்லை. இலை கேட்டது, அதுவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இலை. இடுகிறவள் தன்னவள் ஆனால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன என்பது நம் பழமொழி. அந்தக் குடும்பத்துக்கு இடுகிறவர்கள் தன்னவர்களாகியிருந்தார்கள். முகம் தெரியும், பிள்ளைகளின் பெயர் தெரியும். தேசம் என்ற பெரிய வட்டத்தின் கணக்கை ஊர் என்ற சிறிய வட்டம் மீறியது. அவர்களுடைய புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது, விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அரசு சொல்லிக்கொண்டே இருந்தது. விதியின் பார்வையில் அது தவறும் அல்ல. ஊர் கேட்டது வேறு நியாயம்.

2022 ஆகஸ்டில் அவர்களுக்கு நிரந்தர விசா கிடைத்தது. வழக்கில் வென்று கிடைத்ததல்ல. குடியேற்ற அமைச்சர் தன் தனிப்பட்ட தலையீட்டு அதிகாரத்தைப் பயன்படுத்திக் கொடுத்தார். அந்த அதிகாரத்தை அமைச்சர் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றோ, வரும் விண்ணப்பத்தைப் பரிசீலித்தாவது ஆக வேண்டும் என்றோ சட்டம் எங்கும் சொல்லவில்லை. 2023 பிப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தரமாவதற்கான வழியை அரசு திறந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள், பிலோ குடும்பத்தைப் போன்றவர்கள், அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் பத்தாண்டுக்கும் மேலாகச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விசாவோடு சிட்னி, மெல்போர்ன் புறநகர்களில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிலோ ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர், அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். புறநகரில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது.